போயா நாளில் கோழிப் புரியாணி

நான் நாட்காட்டி அச்சடித்துப் பிழைப்பவன். கண்டி நகரத்தில், மாடிப்படியைவிடக் கொஞ்சம்தான் அகலம் என்று சொல்லத்தக்க ஒரு கட்டடத்தில் இருபத்தைந்து வருஷமாக அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாண அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி, ரசீதுப் புத்தகம் எல்லாம் அடிப்பேன். ஆனாலும் சோறு போடுவது நாட்காட்டிதான். பன்னிரண்டு மாதத்துக்கும் போயாவை மஞ்சள் வட்டமாகப் போடுவது, அது அரச விடுமுறையா, வங்கி விடுமுறையா, வர்த்தக விடுமுறையா என்று கீழே குறி வைப்பது, அதை மூன்று தடவை புரூஃப் பார்ப்பது, இவ்வளவும் என் கையால் நடப்பவை. அப்பேர்ப்பட்ட நான், ஒரு நல்ல காரியத்துக்காக நிதி சேர்க்க, கோழிப் புரியாணி விற்பதற்கென்று நாள் பார்த்துக் கொடுத்தேன். அது போயா நாள்.

இந்த நாட்டில் பௌர்ணமிக்குப் பெயர் போயா. அன்றைக்கு இறைச்சிக் கடை பூட்டு, சாராயக் கடை பூட்டு. பௌத்தர்களில் பலர் வெள்ளை உடுத்து விகாரைக்குப் போவார்கள். போகாதவர்களும் அன்றைக்கு மச்ச மாமிசத்தைத் தள்ளி வைப்பார்கள். பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. எனக்கும் தெரியும். தெரிந்ததைத்தானே அச்சடித்து விற்கிறேன்.

இந்த நல்ல காரியத்துக்குள் நான் போய் விழுந்த கதை சின்னது. திகனையில் மருந்துக்கடை நடத்தும் ஒரு பெண்மணி, ‘வழிகாட்டிகள் தேவை’ என்று ஓர் அறிவித்தல் அச்சடிக்க வந்தார். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற பிள்ளைகளுக்கு, ஆளுக்கொரு பெரியவர் துணை. சனிக்கிழமை காலையில் வந்து ஒரு மணித்தியாலம் பேச வேண்டும்; விண்ணப்பப் படிவம் நிரப்ப, நேர்முகப் பரீட்சைக்குத் தயார்படுத்த, தேவைப்பட்டால் பிள்ளையின் வீட்டாரோடு கதைக்க உதவ வேண்டும். இவ்வளவுதான் திட்டம். எங்கள் ஊர்க் கொழும்பு வீதியில் ஓர் இரும்புக்கடைக்காரர் தன் மேல்மாடியைச் சும்மா கொடுத்திருந்தார். நான் அந்த அறிவித்தலில் இரண்டு சந்திப் பிழைகளைத் திருத்தி, அவற்றைப் பற்றிச் சற்று விரிவாகவும் விளக்கினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சேருக்கு நேரமும் ஈக்கி, பேசவும் வருது. சனிக்கிழம வந்துருங்க” என்றார். எனக்கு நேரம் இருக்கிறது, பேச வருகிறது என்றதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்குத் துணையாக, இல்லை, நான் துணையாக இருக்க, கிடைத்தது ஒரு பெண்பிள்ளை. பத்தொன்பது வயது. புசல்லாவைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு நடந்து வந்து, விடியக்காலை பஸ் பிடித்து, உட்கார இடம் இல்லாவிட்டால் நின்றுகொண்டே வருவாள். உயர்தரப் பரீட்சை முடித்திருந்தாள். அதிகம் பேச மாட்டாள். அதிகம் பேசாதவர்களைக் கண்டால் எனக்கு ஒரு இரக்கம் வரும். அவர்கள் பங்கையும் சேர்த்து நானே பேசிவிடுவேன்.

ஆறு சனிக்கிழமை பேசினேன். வாசிப்பைப் பற்றி, வாழ்க்கையைப் பற்றி, ஆசிரியத் தொழிலின் மேன்மையைப் பற்றி. அவள் ஆசிரியையாகத்தான் ஆக விரும்புவாள் என்று நானே முடிவு செய்திருந்தேன். கெட்டிக்காரத் தோட்டத்துப் பிள்ளை என்றால் ஆசிரியை என்பது நம்மவர்கள் மண்டைக்குள் ஏற்கெனவே அச்சாகிப்போன வாக்கியம். வீட்டு அலுமாரியிலிருந்து புத்தகங்களும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நான் பேசும்போதெல்லாம் தலையை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டிருப்பாள். சிந்திக்கிறாள் என்று நினைத்தேன். வீட்டில் வந்து மனைவியிடம்கூடச் சொன்னேன், “அந்தப் பிள்ளையின் கண்ணில் ஒரு தேடல் இருக்கு” என்று.

ஏழாவது சனிக்கிழமை, நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், “சேர், ஒன்னு சொல்லவா?” என்றாள்.

“சொல்லு, சொல்லு. மனசுல உள்ளதைச் சொல்லு.”

“அந்த ஃபேன்ல கெப்பசிட்டர் போயிருக்கு சேர். அதான் மெதுவா சுத்துது. ஆறு வாரமா பாக்குறேன், யாருமே கவனிக்க மாட்டேங்குறாங்க.”

தேடல் அதுதான்.

பிறகு கதை ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அவளுக்குக் குளிர்சாதனப் பெட்டி, ஏசி பழுதுபார்க்கிற படிப்புப் படிக்க வேண்டும். அதற்குக் கண்டியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. விண்ணப்பம் போட்டாயிற்று; தானே நிரப்பி, தானே தபாலில் சேர்த்துவிட்டாள். நேர்முகப் பரீட்சைக்கு நாளும் வந்துவிட்டது. லயத்தில் நாலைந்து வீட்டு ரைஸ் குக்கரையும் கிரைண்டரையும் அவள்தான் பார்க்கிறாளாம்.

“எங்கூர்ல ஃப்ரிட்ஜ் நின்னு போச்சுன்னா கம்பளைலேர்ந்து ஆள் வரணும் சேர். அவரு வந்து மொத நாள் பேசுவாரு, ரெண்டாவது நாள் சாமான் இல்லேம்பாரு. மூனாவது நாள் கடக்காரரு ஐஸ்கிரீமையெல்லாம் சும்மா குடுத்துருவாரு. அன்னிக்கு மட்டும் ஊரே சந்தோசமா இருக்கும்.”

“இவ்வளவும் ஏன் இத்தனை நாள் சொல்லல?”

“நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க சேர்.”

அவளுக்குத் தடையாக இரண்டு விஷயங்கள் இருந்தன. நேர்முகப் பரீட்சை சிங்களத்தில். அவளுக்குச் சிங்களம் வாசிக்க வரும், கேட்டால் விளங்கும். எதிரே ஒருவர் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். “காதுக்கு வருது சேர், வாய்க்கு வர மாட்டேங்குது” என்றாள். இரண்டாவது, அப்பா. கொழும்பில் ஒரு புடவைக் கடையில் மாமா அவளுக்கு வேலை பேசி வைத்திருந்தார். தங்குமிடம், சாப்பாடு, மாதச் சம்பளம். அப்பா தோட்டத்தில் வேலை செய்பவர். தினம் கண்டிக்கு வந்து போகிற பஸ் காசை அவரால் கொடுக்க முடியாது. “எடமும் கெடச்சி, பஸ் காசுக்கும் வழி இருந்தா படி. ஒன்னு இல்லாட்டியும் மாமாகூட போயிரு” என்று சொல்லிவிட்டாராம். அடுத்த மாத முடிவு வரைக்கும் தவணை. இதைச் சொன்னபோது அவள் மேலே பார்க்கவில்லை. மடியிலிருந்த என் புத்தகத்தின் அட்டை ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள்.

எங்கள் திட்டத்தில், இடம் கிடைக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முதல் ஆறு மாதம் பஸ் காசு கொடுப்பது வழக்கம். ஆனால் அதைத் தந்துவந்த வெளிநாட்டு நலன்விரும்பி ஒருவர் அந்த வருஷம் தன் நலன்களைத் தன்னோடு நிறுத்திக்கொண்டார். ஆகவே நிதி சேர்க்க வேண்டும். எங்கள் ஊரில் நிதி என்றால் சோற்றுப் பார்சல். டிக்கட் அடித்து, தெரிந்தவர் தலையிலெல்லாம் கட்டி, ஒரு மத்தியானம் எல்லோருக்கும் சாப்பாடு கொடுப்பது. மருந்துக்கடை அம்மாவின் நானா, அதாவது மூத்த அண்ணன், திகனையில் கல்யாண வீடுகளுக்குச் சமைப்பவர். அவருடைய கோழிப் புரியாணி என்றால் டிக்கட்டைக் கேட்டு வாங்குவார்கள். சாமான் காசு போதும், கூலி வேண்டாம் என்று அவரும் சொல்லிவிட்டார்.

நாள் குறிக்கும் கூட்டத்தில்தான் நான் எழுந்து நின்றேன். பல சமூகங்கள் வாழும் நகரத்தில் சாப்பாட்டுக்கு நாள் வைப்பது எவ்வளவு நுட்பமான விஷயம் என்று தொடங்கினேன். வெள்ளிக்கிழமை கூடாது, சைவக்காரர் சாப்பிட மாட்டார்கள். முஸ்லிம்களுக்கு அன்று ஜும்மா. புரட்டாசிச் சனி கூடாது. கந்தசஷ்டி விரதம் முடிந்து ஒரு கிழமையாவது போயிருக்க வேண்டும். கார்த்திகை பிறந்து ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள் தொடங்கியிருக்கக் கூடாது. ஆக, சஷ்டிக்கும் கார்த்திகைக்கும் நடுவில் ஒரே ஒரு சனிக்கிழமைதான் மிஞ்சுகிறது. அதைச் சொல்லிவிட்டு, பையிலிருந்து நாட்காட்டித் தாளை எடுத்து, போயாவையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. “போயாவும் பதினொரு நாளைக்கு முந்தியே முடிந்துவிடுகிறது” என்று சபைக்கு அறிவித்தேன்.

“கலண்டர்காரரே சொல்றார்” என்று எல்லோரும் தலையாட்டினார்கள். மின்சார சபையில் வேலை செய்யும் ஒருவர் மட்டும் தன் போனை எடுத்துப் பார்க்கப் போனார். “அதெல்லாம் தேவையில்லை” என்றேன் நான்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐப்பசி மாதத்தில் நாட்காட்டிக்காரன் நடப்பு வருஷத்தில் வாழ்வதில்லை. அவன் மேசையில், பையில், கனவில் இருப்பதெல்லாம் அடுத்த வருஷம். நான் பையிலிருந்து எடுத்துப் பார்த்ததும் அடுத்த வருஷத்துப் புரூஃப்தான்.

டிக்கட் அடித்தேன். என் செலவில், தடித்த தாளில், ஓரத்தில் ஒரு கோழியின் படத்தோடு. கோழி சிரித்துக்கொண்டிருந்தது. இரண்டு கிழமைக்குள் ஏறக்குறைய எல்லாம் விற்றுப்போயிற்று. எங்கள் தெருக் கடைகள், வங்கிகள், வைத்தியசாலை, சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று பார்க்காமல் எல்லோரும் வாங்கினார்கள். நிதிக்கு விற்கிற டிக்கட்டை யார் வாசிக்கிறார்கள்? சனிக்கிழமை என்று கேட்பார்கள், ஓமென்போம், பணப்பைக்குள் போய்விடும். போயா சனிக்கிழமையில் வந்தால் விடுமுறை ஒன்று வீணாகிறது என்று அரச ஊழியர்கள் மாத்திரம் நினைவு வைத்திருப்பார்கள். அவர்களும் துக்கத்தில் மறந்துவிடுவார்கள் போலிருக்கிறது.

அந்த நாளுக்குப் பத்து நாள் இருக்கையில், ஒரு புதன்கிழமை, சமையல்கார நானா போனில் கோல் எடுத்தார்.

“சேர், நான் கோழிக் கடைல நிக்கிறேன். கடக்காரன் என்னைப் பாத்து சிரிக்கிறான்.”

“ஏன்?”

“அண்டைக்குப் போயாவாமே.”

“இருக்காது” என்றேன்.

“சேர், இவன் சுவர்ல கலண்டர் ஈக்கி. மஞ்ச வட்டம் ஈக்கி. கீழ உங்கட அச்சகத்துப் பேரும் ஈக்கி.”

வீட்டுக்கு வந்தேன். மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்து என்னைக் கட்டியதால் கண்டிக்கு வந்தவள். குசினியில் நின்றவளிடம், எதற்கும் ஒரு தடவை கேட்டுப் பார்ப்போமென்று, வருகிற சனிக்கு அடுத்த சனி என்ன நாள் என்று கேட்டேன்.

“பறுவமெல்லோ, பூரணை. சிவன் கோயிலிலை அன்னாபிஷேகம். ஏன்?”

சொன்னேன். அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “இஞ்சருங்கோ, நான் இப்ப சஷ்டி விரதம் இருக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே? சஷ்டி முடிஞ்சு ஒன்பதாம் நாள் என்ன வரும்? வளர்பிறை எங்கை போய் முடியும்?”

“புரூஃப் பார்த்தேனே...”

“இந்தா, உங்கட கலண்டர்தான், ஃப்ரிட்ஜுக்கு மேலை தொங்குது. அடிக்கிறது மட்டுமோ, வாசிக்கிறதில்லையோ?”

அந்த வாரச் சனிக்கிழமையே மேல்மாடியில் அவசரக் கூட்டம். மெதுவாகச் சுற்றும் அந்த மின்விசிறிக்குக் கீழே நான் குற்றவாளிக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நாளை மாற்றலாமா என்று பார்த்தோம். அடுத்த மூன்று சனிக்கிழமையும் நானாவுக்குக் கல்யாண வீடுகள். அதற்குள் கார்த்திகை, மாலை, விரதம். முதல் நாளே கோழி வாங்கி வைத்துச் சமைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். “டிக்கட் வாங்கினதுல பாதிப் பேர் சிங்கள ஆட்கள். போயா அண்டைக்கு அவங்கட கைல கோழிய குடுக்கவா? இவ்வளவு காலம் சேத்த மரியாதையும் அதோட போயிரும்” என்றார் மருந்துக்கடை அம்மா. டிக்கட் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விட்டுவிடுவோம் என்றார் இன்னொருவர்.

நான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். சுவரோரமாக மற்றப் பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தாள். நேர்முகப் பரீட்சை போயாவுக்கு அடுத்த செவ்வாய். அதில் அவள் தேறினாலும் பஸ் காசு இல்லையென்றால் கொழும்புக்குப் போக வேண்டியதுதான். என் தவற்றுக்கு அவள் புடவை மடிக்கப் போகிறாள். 

நானா தாடியைத் தடவினார். “பொலொஸ் போடுவோமே” என்றார்.

பொலொஸ் என்றால் பிஞ்சுப் பலா. தெல்தெனிய சந்தையில் அந்த நாட்களில் குவிந்து கிடக்கும். மசாலா ஏறி, தம்மில் வெந்து வந்தால், தும்பு தும்பாக இறைச்சி மாதிரியே பிரியும். “முந்திரி கஜுக் கறி வெப்போம், புளிப்பும் இனிப்புமா கத்தரிக்காய் மோஜு வெப்போம். கோழி தோத்துப் போகும், நான் பொறுப்பு” என்றார்.

“சோறு சரி நானா. ஆனா வாங்கினவங்களுக்கு?” என்றார் அவர் தங்கை. “ஒவ்வொருத்தருக்கும் கோல் எடுத்துச் சொல்லணும். கோழி இல்ல, பலாக்காய், விருப்பமில்லாட்டிக் காசு தாறம் எண்டு. சொல்லாமக் குடுத்தா ஏமாத்தின மாதிரி.”

டிக்கட்டின் அடிக்கட்டைகளில் வாங்கியவர்களின் பெயரும் போன் நம்பரும் இருந்தன. ஆளுக்கொரு கட்டாகப் பிரித்துக்கொண்டோம். நான் பரிகாரமாகச் சிங்களப் பெயர்கள் உள்ள பெரிய கட்டை எடுத்துக்கொண்டேன். எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பது என் நீண்டகால அபிப்பிராயம். முதல் கோலில் ஒரு கனவானைப் பிடித்து, வணக்கம் சொல்லி, எங்கள் திட்டத்தின் நோக்கத்தைச் சொல்லி, மனிதத் தவறுகளின் இயல்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டு கோழியை நோக்கி முன்னேறுகையில், “போன தடவையே காசு தந்துவிட்டேன்” என்று அவர் வைத்துவிட்டார். இரண்டாவது அம்மா, யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டு அழுவதற்குத் தயாரானார்.

“சேர்” என்றாள் அந்தப் பிள்ளை. எப்போது பக்கத்தில் வந்தாளென்று தெரியவில்லை. “இப்படியே போனா தை மாசமே வந்துரும். குடுங்க.”

போனை வாங்கினாள். முதலில் ஒரு துண்டுக் கடதாசியில், சிங்கள வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். மூன்றே மூன்று வசனம்: புரியாணி டிக்கட் வாங்கினீர்களே, அன்றைக்குப் போயா, கோழிக்குப் பதிலாகப் பொலொஸ். எழுதியதை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். போன் காதுத் தோட்டில் பட்டுப் பட்டுச் சத்தம் போட்டது. முதலாமவர் சரி சரி என்று வைத்துவிட்டார். இரண்டாமவர் ஏதோ கேட்டார். கடதாசியில் இல்லாத கேள்வி. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் வாய் திறக்கப் போனேன். மருந்துக்கடை அம்மா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார், நோகும்படியாகவே.

“முட்டை இல்ல... இல்ல, முட்டையும் போடல” என்று பிள்ளை சிங்களத்தில் சொன்னாள். வைத்துவிட்டு, “முட்டை இருக்கான்னு கேட்டாங்க!” என்று எங்களைப் பார்த்துச் சிரித்தாள், ஏதோ எஸ்டேட்டை எழுதிக் கொடுத்துவிட்டார்கள் போல.

பத்தாவது கோலுக்குப் பிறகு கடதாசி கீழே கிடந்தது. ஒருவர் சத்தம் போட்டார். காசைத் திருப்பித் தருகிறோம் என்று இவள் அமைதியாகச் சொல்லிக் குறித்துக்கொண்டாள். ஒருவர் சிரி சிரியென்று சிரித்து, யாருடைய வேலை இது என்று கேட்டார். இவள் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே விவரமாகப் பதில் சொன்னாள். தெரியாத சொல் வந்தால், அதற்கு என்ன அர்த்தம் என்று எதிர்முனையிலேயே கேட்டாள். அவர்களும் சொல்லிக் கொடுத்தார்கள். முகம் தெரியாத ஒருவருக்குப் பலாக்காய் பற்றிச் சொல்வதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஒரு கோலை மட்டும் நீண்ட நேரம் பேசினாள். முடித்துவிட்டு, மருந்துக்கடை அம்மாவிடம், “மிஸ், ஒரு பிரச்சினை” என்றாள். “இந்த அம்மா விகாரைல சில் எடுக்குறாங்களாம்.” போயா அன்று சில் எடுத்து விரதம் காக்கிறவர்கள் பன்னிரண்டு மணிக்குப் பிறகு சாப்பிட மாட்டார்கள். நான் டிக்கட்டில் அச்சடித்திருந்த நேரம், பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை. “பத்தரைக்குத் தந்தா, தன்னோட சில் எடுக்குற ஆளுங்களுக்கும் சேத்து இன்னும் இருபது பார்சல் எடுக்குறாங்களாம். நான் சரின்னுட்டேன். சரிதானே?”

சரிதான். அப்புறம் எல்லோருக்குமே பத்தரையிலிருந்து என்று சொன்னாள். ஏற்கெனவே பேசியவர்களுக்கும் திரும்பக் கோல் எடுத்தாள். மத்தியானம் கடந்துவிட்டது. எங்களுக்கு வாங்கி வைத்த மாலு பணிஸ் என்கிற மீன் பன் ஆறிப்போயிற்று. அவளுடையதை நான் காகிதத்தால் மூடி வைத்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான வேலை அது.

போயா அன்று அதிகாலையில் திகனையிலிருந்து தேக்சா பானைகள் வேனில் வந்தன. மூடியைத் திறந்ததும் இரும்புக்கடை முழுக்க ஏலமும் நெய்யும் மணந்தது. பத்தரைக்கு முதல் ஆளாக அந்தச் சில் அம்மா வெள்ளைச் சேலையில் வந்து, “போனில் பேசிய மகள் எங்கே?” என்று கேட்டு, அவள் கன்னத்தைத் தடவிவிட்டுப் பார்சல்களை எடுத்துப் போனார். எல்லாம் அமோகமாக நடந்தது என்று சொன்னால் பொய். சிலர் காசைத் திருப்பி வாங்கினார்கள். சிலர் வரவேயில்லை. எங்கள் தெருவில் ஒரு கடைக்காரர் பார்சலை அங்கேயே பிரித்து, விரலால் கிளறி, “சிரிக்கிற கோழிய காட்டி பலாக்காய வித்துட்டீங்களே முதலாளி” என்றார். பிறகு நின்றபடியே முழுவதையும் சாப்பிட்டார். கடைசியில் அந்த வருஷத்துப் பிள்ளைகளின் பஸ் காசுக்குப் போதுமான அளவு சேர்ந்தது. அதற்கு மேல் மிஞ்சியது எனக்குச் சூட்டிய பெயர்தான். அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

செவ்வாய்க்கிழமை அச்சகத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு கல்யாண அழைப்பிதழில் மணமகனின் தகப்பன் பெயரை மணமகளுக்குப் போட்டுவிட்டு, நல்ல வேளையாக நானே பிடித்தேன். மூன்று மணிக்கு அவள் படியேறி வந்தாள். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலை.

“மூனு பேரு இருந்தாங்க சேர். பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு ஒருத்தரு கேட்டாரு. ஐஸ்கிரீம் கதைய சொன்னேன்.”

“சிங்களத்திலயா?”

“பின்ன? அப்பறம் இன்னொருத்தரு, வீடுகளுக்குப் போனா கோவக்கார ஆளுங்க இருப்பாங்களே, எப்படிச் சமாளிப்பன்னாரு. நான், ஒரே நாள்ல தொண்ணூறு பேருக்குக் கோல் எடுத்து, உங்க கோழி பலாக்காயா மாறிருச்சுன்னு சொல்லிருக்கேன் சேர்னேன். மூனு பேரும் சிரிச்சிட்டாங்க. முழுக் கதையையும் சொல்லச் சொன்னாங்க.”

“என் பேரைச் சொன்னியா?”

“சேச்சே. கலண்டர் அடிக்கிறவருன்னு மட்டும்தான் சொன்னேன்.”

  அறிவுரைக்குப் பதிலாகப் பிளேன் டீ வாங்கிக் கொடுத்தேன். இருவரும் குடித்தோம். அவள் என் அச்சு இயந்திரத்தின் மோட்டார் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினேன்.

மாத முடிவுக்கு இரண்டு நாள் இருக்கையில் கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. வீட்டில் சொன்னேன். என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, “கெட்டிக்காரப் பிள்ளை. உங்கட கையிலை அகப்பட்டும் தப்பியிட்டுது” என்றாள்.

மார்கழியில் பதிவு செய்ய அப்பாவும் மகளும் கண்டிக்கு வந்தார்கள். வேலை முடிந்து திரும்பும்போது குட்ஷெட் பஸ் நிலையத்தில் நிற்கிறோம் என்று அவள் கோல் எடுத்தாள். வெறுங்கையோடு போகக் கூடாது என்று, புதிதாக அச்சாகி வந்திருந்த அடுத்த வருஷ நாட்காட்டி ஒன்றைச் சுருட்டி ரப்பர் பட்டி போட்டுக்கொண்டு போனேன். நுவரெலியாப் பக்கத்துப் பஸ்கள் நிற்கிற வரிசையில், பிளாஸ்டிக் பை ஒன்றை மார்போடு பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். மெலிந்த, உயரமான மனிதர். பைக்குள் கல்லூரித் தாள்கள். மகள் அறிமுகப்படுத்தினாள்.

“ஓ, நீங்கதானுங்களா போயா சேரு!” என்றார் அவர், மனப்பூர்வமான சந்தோஷத்தோடு.

தோட்டம் முழுவதற்கும் என்னைத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மகள் பஸ்ஸின் போர்டை அக்கறையாக வாசிக்கத் தொடங்கினாள். அவர் என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிள்ளை வரமாட்டாள் என்று கொழும்பு மாமாவுக்குச் சொல்லிவிட்டாராம். கடையில் வேறு பிள்ளையை எடுத்துக்கொண்டார்களாம். “எனக்கு இதெல்லாம் வெளங்காதுங்க. புள்ளைக்கு வெளங்குது, போதும்” என்றார். கண் கலங்கியிருந்தது.  பேசினால் நீளும் என்று தெரிந்து, நாட்காட்டியை நீட்டினேன்.

ரப்பர் பட்டியைக் கழற்றி விரித்தார். தாளின் வழவழப்பைத் தடவினார். தை, மாசி, பங்குனி என்று ஒவ்வொரு தாளாகப் புரட்டி, மஞ்சள் வட்டம் வந்த இடமெல்லாம் நிறுத்தி உற்றுப் பார்த்தார். பஸ் உறுமத் தொடங்கியது. கண்டக்டர் புசல்லாவை, புசல்லாவை என்று கூவினான். அவர் நாட்காட்டியை மறுபடி சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு காலைப் படியில் வைத்தபடி திரும்பி, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

“இதுல போயாவெல்லாம் சரியா இருக்குங்களா சேர்?”